மட்டமும் வாட்டமும்

“ஆழம் தெரியாமல் காலை விடாதே” என்பது பழமொழி. ஆற்றில் இறங்குபவர்களுக்காகச் சொல்லப்பட்டது என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். எங்கள் வீட்டு அடுப்படிக்கும் அது பொருந்தும் என்று அறிந்துகொள்ள எங்களுக்கு ஒன்றரை ஆண்டு ஆயிற்று. அந்தக் கதையைத்தான் இந்த ஆண்டு மலரில் எங்கள் தோழியருடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

நாங்கள் அக்காள், தங்கை இருவர். எங்கள் ஊர் போடிநாயக்கனூர். மூன்று பக்கமும் மலை சூழ, ஏலக்காய் மணம் வீசும் ஊர். எங்கள் அப்பா ஜீப் ஓட்டுகிறார். விடியற்காலையில் தோட்டத்து வேலைக்குச் செல்பவர்களை ஏற்றிக்கொண்டு, முந்தல் வழியாகப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டைக் கடந்து ஏலத் தோட்டங்களுக்குப் போவார். மாலையில் அவர்களைத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பார். அம்மா, ஊருக்குள் ஏலக்காய்க் கடையொன்றில் காய் தரம் பிரிக்கும் வேலை செய்கிறார். அப்பாவைப் பெற்ற எங்கள் அப்பத்தாதான் எங்களை வளர்த்தவர். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போனபின் எங்களுக்குத் தலைவாரி, சோறு கட்டிக் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பியவர் அவரே.

எங்கள் வீடு சரிவான இடத்தில் இருக்கிறது. தெருப்பக்கம் மேடு, கொல்லைப்பக்கம் பள்ளம். தாத்தா அந்த வீட்டைக் கட்டியபோது முன்பாதி நல்ல இறுகிய தரையில் அமைந்துவிட்டது. பின்பாதிக்கு மண் கொட்டி நிரப்பி, அதன்மேல் தளம் போட்டார்கள். அடுப்படி இந்த இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டது. பத்தடிக்கு ஒன்பதடி அளவுள்ள அந்த அறையில் சிமெண்ட் பூசி, காவி நிறம் ஏற்றிய தரை. அங்கணத்தில் பாத்திரம் கழுவினால் தண்ணீர் வெளியே போகாமல் நடுவில் வந்து குட்டிக் கண்மாய் போல் நிற்கும். சிறு வயதில் அதில் காகிதக் கப்பல் விட்டிருக்கிறோம். வளர்ந்தபின் அதுவே எங்களுக்கு வெட்கமாகிப் போனது. தோழியர் வீட்டுக்கு வந்தால் அடுப்படிக் கதவைச் சாத்தி வைப்போம்.

அந்த வெட்கந்தான் எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

2023ஆம் ஆண்டு ஜூன் 15 அன்று எங்கள் ஊருக்கு மீண்டும் ரயில் வந்தது. 1928இல் வந்த பழைய மீட்டர் கேஜ் பாதையை அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010ஆம் ஆண்டின் இறுதியோடு ரயிலை நிறுத்தியிருந்தார்கள். “ரயில் விடட்டும், குடும்பத்தோடு வருகிறோம்” என்று மதுரையில் இருக்கும் எங்கள் அத்தை பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார். ரயில் விட்டாயிற்று! அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வருவதாகச் செய்தி வந்தது. எங்களுக்கோ அந்த அடுப்படியைக் காட்டுவதா என்ற கவலை. அம்மாவின் சீட்டுப் பணம் அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. “அம்மா, டைல்ஸ் போட்டுவிடலாம் அம்மா” என்று இருவரும் அழாத குறையாகக் கெஞ்சினோம். அம்மா இணங்கினார்.

கண்ணாடிபோல் பளபளக்கும் இரண்டடிக் கற்களை நாங்களே தேர்ந்தெடுத்தோம். வேலைக்கு வந்தவர், “எத்தனை நாள் இருக்கு?” என்று மட்டும் கேட்டார். “மூன்று நாள்” என்றோம். “ரெண்டே நாளில் முடிச்சுடலாம்” என்றார். பழைய தரையைக் கொத்தவில்லை, கழுவவும் இல்லை. பள்ளமான இடங்களில் மணலும் சிமெண்டுமாக அள்ளிப் போட்டு, ஒவ்வொரு கல்லின் அடியிலும் நான்கு மூலைக்கு நான்கும் நடுவில் ஒன்றுமாகச் சாந்து உருண்டை வைத்து, மேலே கல்லை அமுக்கிக்கொண்டே போனார். அப்பத்தா வாசற்படியில் நின்று, “ஏப்பா, அந்த எடத்துல பாத்துப் போடு, அங்கன கீழே...” என்று ஏதோ சொல்ல வந்தார். “அப்பத்தா, நீங்க சும்மா இருங்க, அவருக்குத் தெரியாதா?” என்று சொன்னது நாங்கள்தாம். அப்பத்தா பேசாமல் போய்த் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார்.

ஒரு ரயில் பாதைக்கு அடித்தளம் செப்பனிட்டுத் தண்டவாளம் பதிக்கப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் காத்திருந்த ஊர் எங்களுடையது. அடுப்படிக்கு இரண்டு நாள் போதும் என்று நாங்கள் நம்பினோம்!

அத்தை குடும்பம் வந்தது. “அடேயப்பா, முகம் பார்க்கலாம் போலிருக்கே!” என்று அத்தை சொன்னபோது எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மகிழ்ச்சி சில மாதங்கள் நீடித்தது. பிறகு, நடக்கும்போது சில கற்களின் அடியில் ‘டொக், டொக்’ என்று சத்தம் கேட்கலாயிற்று. 2024 தை மாதத்தில் தோசைக்கல் கைதவறி விழுந்ததில் ஒரு கல் மூலையோடு உடைந்தது. அதற்கடுத்த கல் ஒரு பக்கம் அமுங்கி, மறுபக்கம் தூக்கிக்கொண்டது. போதாக்குறைக்கு அடுப்படித் தரை முழுவதும் கூடத்தைவிட ஓர் அங்குலம் உயர்ந்து நின்றது. இளங்கால்களுக்கு இவையெல்லாம் ஒரு பொருட்டே அல்ல. அப்பத்தாவோ காலைத் தூக்கி வைக்க முடியாமல் இழுத்து நடப்பவர்.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் ஒரு மாலை. நாங்கள் கூடத்தில் படித்துக்கொண்டிருந்தோம். அடுப்படியில் பாத்திரம் உருளும் ஓசையும், “ஆத்தே!” என்ற ஒரு குரலும் கேட்டன. ஓடிப்போய்ப் பார்த்தால், தூக்கிக்கொண்டிருந்த அந்தக் கல்லின் விளிம்பில் விரல் தடுக்கி, பளபளக்கும் ஈரத் தரையில் அப்பத்தா விழுந்து கிடந்தார். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

கட்டு அவிழ்ந்தபின் கை கூடிவிட்டது, மனம் கூடவில்லை. அப்பத்தா அடுப்படிக்குள் வருவதை நிறுத்திவிட்டார். வாசற்படிக்கு இப்பால் முக்காலி போட்டு உட்கார்ந்து, “உப்புப் பாத்துப் போடுங்க” என்று சொல்வதோடு சரி. ஐம்பது ஆண்டுக் காலம் தாம் ஆண்ட இடத்தை ஒருவர் வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு துயரம் என்று அப்போதுதான் உணர்ந்தோம். ஒருநாள்கூட அவர் எங்களைக் குறைசொல்லவில்லை. அதுவே எங்களை மிகவும் வாட்டியது. ‘நாங்கள் கேட்ட தரையில்தானே விழுந்தார்?’ என்று இரவில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு அழுதிருக்கிறோம்.

அம்மா ஒரு முடிவுக்கு வந்தார். தம் காதுத் தோடுகளைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்தார். “இந்தத் தடவை அவசரம் வேண்டாம். தெரிஞ்ச கொத்தனாரா பாத்துக் கூட்டிட்டு வாங்க” என்று மட்டும் சொன்னார்.

வந்தவர் வயதில் மூத்த கொத்தனார். அம்மா அவரை ‘அண்ணே’ என்றே அழைத்தார். அவர் முதலில் ரசமட்டத்தையோ கரண்டியையோ எடுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து, குந்தியபடியே ஒவ்வொரு கல்லாகத் தட்டிக்கொண்டு போனார். சில கற்கள் ‘கிண்’ என்றன. பல கற்கள் ‘டொக்’ என்றன. “டொக்குங்கிறது பூரா பொக்கை தாயி” என்று எங்களிடம் சொன்னார். பிறகு ஒரு கல்லைப் பெயர்த்துக் காட்டினார். ஐந்து சாந்து உருண்டைகளும் ஐந்து பணியாரம்போல் தரையில் உட்கார்ந்திருந்தன. கல்லின் அடியில் ஒட்டிய தடயமே இல்லை. உருண்டைகளுக்கு நடுவே வெறும் காற்று!

ஏன் ஒட்டவில்லை என்பதையும் விளக்கினார். பளபளக்கும் விட்ரிஃபைடு கல் மிக நெருக்கமாகச் சுடப்பட்டது. தன் எடையில் நூற்றுக்கு அரைப்பங்கு தண்ணீரைக்கூட உறிஞ்சாது. வெறும் சிமெண்ட் பால் அதனுள் இறங்கிப் பிடிக்க வழியில்லை. அதற்கென்று தனிப் பசைக் கலவை இருக்கிறது. ஆனால் அந்தப் பசையைச் சில மில்லிமீட்டர் கனத்துக்குத்தான் சீப்புக் கரண்டியால் இழுக்க வேண்டுமே தவிர, பள்ளத்தை அதைக்கொண்டு நிரப்பக்கூடாது. கீழ்த்தளம் முன்கூட்டியே சீராக இருந்தால்தான் பசை வேலை செய்யும். பழைய தரையின் மேலோ எண்ணெயும் மெழுகும் ஐம்பது ஆண்டுப் படிமமாக இருந்தன. கொத்தாமல் அதன்மேல் எதைப் போட்டாலும் பிடிக்காது.

“சரி அண்ணே, நாளைக்கே ஆரம்பிச்சுடலாமா?” என்றார் அப்பா. கொத்தனார் தலையை அசைத்தார். பின்சுவரின் அடியில் தொடங்கித் தரையில் இறங்கிய ஒரு விரிசலைக் காட்டினார். “மண் இன்னும் எறங்குதா, எறங்கி முடிச்சிருச்சா? அது தெரியாம கைவைக்க மாட்டேன். ஒரு மழை பாத்துருவோம்” என்றார். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடிச் சில்லு ஒன்றை வைத்து, இரு முனைகளையும் சிமெண்டால் ஒட்டி, பக்கத்தில் தேதியையும் எழுதினார். மண் அசைந்தால் கண்ணாடி உடைந்துவிடுமாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையெல்லாம் பெய்து ஓய்ந்தது. பள்ளியிலிருந்து வந்ததும் நாங்கள் செய்யும் முதல் வேலை அந்தக் கண்ணாடியைப் பார்ப்பதுதான். அது உடையவே இல்லை. நிரப்பிய மண் இறங்கவேண்டிய மட்டும் இறங்கி ஓய்ந்துவிட்டது என்று தெரிந்தது.

2025 ஜனவரியில், பொங்கல் கழிந்ததும் வேலை தொடங்கியது. டைல்ஸ் முழுவதையும் பெயர்த்தபின் கொத்தனார் எங்களைப் பார்த்து, “படிக்கிற பிள்ளைகதானே? ஆளுக்கொரு முனை பிடிங்க” என்று நீளமான ஒரு கண்ணாடிக் குழாயை நீட்டினார். உள்ளே தண்ணீர். காற்றுக் குமிழி ஒன்றுகூட இருக்கக்கூடாது. குழாய் மடங்கவும் கூடாது. இணைந்த கலங்களில் நீர்மட்டம் ஒன்றாகவே நிற்கும் என்று வகுப்பில் படித்தோமே, அதே விதிதான். கூடத்துத் தரையிலிருந்து சரியாக 1 மீட்டர் உயரத்தில் சுவரில் ஒரு கோடு. ஒருத்தி அந்தக் கோட்டில் ஒரு முனையைப் பிடிக்க, மற்றவள் அடுப்படியில் ஒவ்வோர் இடமாக மறுமுனையைப் பிடித்து, நீர்மட்டத்திலிருந்து தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளக்க வேண்டும்.

தரையில் இரண்டடிக்கு ஒரு சுண்ணக்கட்டிக் கோடு இழுத்தோம். மொத்தம் 30 புள்ளிகள். வாசற்படியில் 1,000 மில்லிமீட்டர். பழைய மண் அடுப்பு இருந்த இடத்தில் 990. அதாவது அங்கே மேடு. முன்பாதியில் மற்ற இடங்கள் ஏறத்தாழ மட்டம். பின்பாதி போகப்போக இறங்கியது. அங்கணத்தின் விளிம்பில் 1,015. ஆனால் அதற்கு நான்கடி தள்ளி ஓரிடத்தில் மட்டும் 1,041! அங்கணத்தைவிட 26 மில்லிமீட்டர் பள்ளம். பள்ளத்தில் நின்ற தண்ணீர் அங்கணத்துக்குப் போகவேண்டுமானால் ஓர் அங்குலம் மேலேறவேண்டும். தண்ணீர் எப்படி மலையேறும்? நாங்கள் சிறு வயதில் கப்பல் விட்ட கண்மாயின் இரகசியம் விளங்கிவிட்டது.

அந்த எண்களைக் கட்டக் குறிப்பேட்டில் எழுதி, ஒரே அளவுள்ள புள்ளிகளை இணைத்துக் கோடு வரைந்தோம். புவியியல் பாடத்தில் மலைக்குச் சமஉயரக் கோடு வரைவோமே, அதுபோல. அந்தப் பள்ளம் வட்ட வட்டமாக, ஒரு கிணற்றைப் போல் படத்தில் தெரிந்தது. கொத்தனார் அதைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். “மண் எறங்கினா சாய்ஞ்சு எறங்கும். இப்படி வட்டமா எறங்காது. இங்க என்னமோ இருந்திருக்கு” என்றார். அப்பாவுக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கும் தெரியவில்லை.

வாசற்படிக்கு வெளியே முக்காலியிலிருந்து ஒரு குரல் வந்தது. “உரல் குழி.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அப்பத்தா சொன்னார்: “அங்கனதான் உரலைப் பொதைச்சிருந்துச்சு. மிக்சி, கிரைண்டர் எல்லாம் வந்தப்புறம் உங்க தாத்தா உரலைத் தோண்டி எடுத்துக் கொல்லையில போட்டாரு. குழியில கெடந்த குப்பை செத்தையெல்லாம் தள்ளி, மேலாப்புல சிமெண்டைப் பூசிட்டாரு. இதைத்தான் அன்னைக்கு அந்தத் தம்பிகிட்டச் சொல்ல வந்தேன்.”

எங்களால் தலைநிமிர முடியவில்லை. ஒரு வாக்கியம். அதை முழுதாகக் கேட்க அன்றைக்கு எங்களுக்கு நேரமில்லாமல் போயிற்று.

கடப்பாரையால் அந்த இடத்தைத் திறந்தபோது, அப்பத்தா சொன்னது சொன்னபடியே இருந்தது. உமி, சாம்பல், உடைந்த ஓடு, பொலபொலத்த மண். அடியில் துருப்பிடித்த ஓர் இரும்பு வளையம். உலக்கையின் பூண்! அப்பத்தா அதைக் கையில் வாங்கித் தம் முந்தானையால் துடைத்தார். “காணோம் காணோம்னு தேடினேனே” என்றார். விழுந்த நாளிலிருந்து அவர் சிரித்து நாங்கள் பார்த்தது அன்றுதான்.

அதன்பின் வேலை முறையாக நடந்தது. குழியையும், பொக்கையாக ஒலித்த பின்பாதித் தரையையும் முழுதும் தோண்டி எடுத்தார்கள். நல்ல மண்ணைச் சிறிது சிறிதாகக் கொட்டி, தண்ணீர் தெளித்து, ஒவ்வோர் அடுக்கையும் திமிசுக் கட்டையால் இடித்தார்கள். மொத்தமாகக் கொட்டி ஒரே தடவையில் இடித்தால் மேலே மட்டும் இறுகி, உள்ளே இளகியே இருக்கும் என்று கையாளாக வந்த அக்காள் சொன்னார். மேலே சல்லிக் கான்கிரீட் போட்டு, ஈரச் சாக்கை விரித்து ஏழு நாள் தண்ணீர் காட்டினார்கள். சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு சேர்ந்து வேதி மாற்றம் அடைந்தே இறுகுகிறது. ஆகவே முதல் வாரம் அதற்குத் தண்ணீர் உணவு போன்றது. உறுதியாக இருந்த முன்பாதியில் மேற்பூச்சை மட்டும் கொத்தி எடுத்து, அம்மி பொளிந்ததுபோல் சொரசொரப்பாக்கினார்கள். இதனால் மேடும் போயிற்று. புதுத் தரை கூடத்தோடு ஒரே மட்டமாக வரவும் இடம் கிடைத்தது. மூன்று வாரம் கொல்லையில் கல் கூட்டிச் சமைத்தோம்.

தளம் இறுகியதும் நாங்கள், “இனி எல்லாம் ஒரே மட்டமாகிவிடும் இல்லையா, மாமா?” என்று கேட்டோம். கொத்தனார் சிரித்தார். “முழு மட்டமா இருந்தா தண்ணி எங்க போகும்? மட்டம் வேற, வாட்டம் வேற தாயி. குளிக்கிற எடத்துக்கு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வாட்டம் வேணும். அடுப்படிக்கு அதுல பாதி போதும். நடக்கிற காலுக்குத் தெரியக்கூடாது, ஓடுற தண்ணிக்குத் தெரியணும்” என்றார். வாசற்படியிலிருந்து அங்கணம் வரை பத்தடிக்கு 15 மில்லிமீட்டர் வாட்டம் என்று முடிவாயிற்று.

அப்பாவுக்கு இது உடனே புரிந்தது. “ஏலச்செடியும் அப்படித்தான். ஈரமில்லாம வாழாது, வேர்ல தண்ணி நின்னா அழுகிப்போகும். அதனாலதான் மலைச்சரிவில் அது சுகமா வளருது” என்றார். சாய்வு என்பது குறை என்று அதுவரை எண்ணியிருந்தோம். சரிவில் வீடு கட்டியது தாத்தாவின் பிழை அல்ல. குழியை மூடி மறைத்ததே பிழை.

டைல்ஸ் வாங்கும்போது மீண்டும் எங்கள் ஆசை தலைதூக்கியது. காரைக்குடிக்கு அருகில் ஆத்தங்குடியில் செய்யும் பூக்கல் போடலாமே என்றோம். சூளையில் சுடாமல், கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து வண்ணச் சிமெண்டைக் கையால் ஊற்றி, தண்ணீரில் ஊறவைத்து இறுகச் செய்யும் கற்கள் அவை. செட்டிநாட்டு வீடுகளில் தலைமுறைகளாகப் பூக்கோலமாய்க் கிடப்பவை. “அழகுதான். ஆனா அது சிமெண்ட் கல்லு. புளித்தண்ணியும் எலுமிச்சைச் சாறும் பட்டா அரிக்கும். மஞ்சள் கறையைக் குடிக்கும். கூடத்துக்குப் போடுங்க, அடுப்படிக்கு வேணாம்” என்று கொத்தனார் மறுத்தார். பளபளப்புக் கல்லையும் மறுத்தார். இறுதியில் ஓரடி அளவுள்ள, மேற்பரப்பு சற்றே சொரசொரப்பான சாதாரணக் கற்கள் வந்தன. கல் சிறியதானால் வாட்டத்துக்கு இசைந்து கொடுக்கும். சந்துகள் மிகுதியாதலால் காலுக்கும் பிடிப்பு மிகுதி. நிறத்தை அப்பத்தா தேர்ந்தெடுத்தார். பழைய காவித் தரையின் நிறம்!

கல் பதிக்கும் நாளில் அம்மா விடுப்பு எடுத்திருந்தார். முதலில் ஆங்காங்கே சாந்துப் புள்ளிகள் வைத்து, குழாய் மட்டத்தால் வாட்டத்தைச் சரிபார்த்து, புள்ளிக்குப் புள்ளி மட்டப்பலகையை இழுத்து, தரை முழுவதும் சாந்துப் படுக்கை அமைத்தார் கொத்தனார். கற்களைத் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து, முதுகு முழுவதும் சிமெண்ட் பால் தடவி, நூலுக்கு நூல் பதித்து, ரப்பர்ச் சுத்தியலால் தட்டினார். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சீரான சந்து விட்டார். பழைய தளமும் புதுத் தளமும் சேருமிடத்துக்கு நேராகவே ஒரு சந்து வருமாறு பார்த்துக்கொண்டு, அதில் மட்டும் சிமெண்டுக்குப் பதிலாக இளகும் பசையை அடைத்தார். பின்னாளில் இரண்டும் தனித்தனியே சிறிது அசைந்தாலும் கல் வெடிக்காதாம்.

ஒவ்வொரு வரிசை முடிந்ததும் மட்டப்பலகையை வைத்து, அடியில் சந்து தெரிகிறதா என்று குனிந்து பார்ப்பார். “ரெண்டு மீட்டர் பலகைக்கு அடியில மூணு மில்லிமீட்டருக்கு மேல சந்து இருக்கக்கூடாது” என்றார். மூன்று மில்லிமீட்டர் என்ன பெரிய காரியம் என்று எங்களுக்குத் தோன்றியது. அம்மாவுக்குத் தோன்றவில்லை. அவர் கடையில் நாள்முழுதும் காய் சலிப்பவர். எட்டு மில்லிமீட்டர்ச் சல்லடையில் நிற்கும் காய்க்கு ஒரு விலை. ஏழில் நிற்கும் காய்க்கு வேறு விலை. “ஒரு மில்லிமீட்டர்லதானே எங்க பொழப்பே இருக்கு” என்று சொல்லிக்கொண்டே அம்மா தாமும் குனிந்து, ஒரு கல்லின் ஓரத்தில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். “அண்ணே, இது கொஞ்சம் தூக்கியிருக்கு” என்றார். கொத்தனார் தடவிப் பார்த்தார். மறுபேச்சில்லாமல் அந்தக் கல்லைப் பெயர்த்து மீண்டும் பதித்தார்.

எல்லாம் முடிந்து, சந்து பூசி, மேலும் ஒரு வாரம் கழிந்தது. “நடக்கலாம்” என்று கொத்தனார் சொன்ன அன்று நாங்கள் அப்பத்தாவின் இருபக்கமும் நின்றோம். “கையைப் பிடிச்சுக்கோங்க அப்பத்தா” என்றோம். அவர் எங்கள் கையைப் பிடிக்கவில்லை. “ஒரு சொம்புத் தண்ணி கொண்டாங்க” என்றார்.

வாசற்படியில் நின்றபடியே அந்தச் சொம்புத் தண்ணீரைத் தரையில் ஊற்றினார். தண்ணீர் ஒரு கணம் நின்று யோசிப்பதுபோல் இருந்தது. பிறகு மெல்ல நகர்ந்தது. கல் சந்துகளின் வழியே நெளிந்து, பழைய உரல் குழி இருந்த இடத்தைத் தாண்டி, நேரே அங்கணத்துக்குள் போய் இறங்கியது. எங்கும் தேங்கவில்லை. அப்பத்தா அதன் பின்னாலேயே நடந்தார். வழக்கம்போல் காலை இழுத்துத்தான் நடந்தார். ஓரிடத்திலும் அவர் விரல் தடுக்கவில்லை. அடுப்பருகே போய் நின்று, “என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? உலை வைக்க வேணாமா?” என்றார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். தோடு இல்லாத அந்தக் காது எங்கள் கண்ணில் பட்டது.

அந்தத் தோடுகள் இன்னும் அடகிலிருந்து மீளவில்லை. இரண்டு நாளில் முடித்த வேலைக்கு ஒரு செலவு. அதைப் பெயர்த்து மறுபடி செய்ததற்கு இன்னொரு செலவு. விடுமுறை நாட்களில் அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து நாங்கள் ஓர் உண்டியலில் சேர்த்துவருகிறோம். அது நிரம்பும் நாளில் அம்மாவை நாங்களே அழைத்துப் போவோம்.

தோழியரே! உங்கள் வீட்டிலும் என்றாவது தரை மாற்ற நேரிடலாம். நாணயத்தால் தட்டிப் பாருங்கள். தண்ணீர்க் குழாயைப் பிடித்து அளந்து பாருங்கள். மழையைப் பொறுத்திருந்து பாருங்கள். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால், அந்தத் தரையில் அதிக காலம் நடந்தவர் யாரோ அவரிடம் போய் உட்கார்ந்து, “இதன் கீழே என்ன இருக்கிறது?” என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை எழுந்துவிடாதீர்கள்.

உலக்கைப் பூண் இப்போது எங்கள் அடுப்படிச் சுவரில் ஓர் ஆணியில் தொங்குகிறது. அப்பத்தா அதில் கரித்துணியை மாட்டிவைக்கிறார்.

— அக்காளும் தங்கையும்,
பதினொன்றாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு